நிப்பிள் ஷீல்டு: பயன்படுத்தியதும், பிறகு விட்டு வந்த விதமும்

பால் கொடுக்கும்போது காம்பின் மேல் போட்டுக்கொள்ளும் மெல்லிய உறையான நிப்பிள் ஷீல்டை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், உண்மையிலேயே தேவை இருந்தால் தயங்காமல் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். என் மகள் என் மார்பில் பால் குடிக்கத் தொடங்கியதே அதனால்தான். ஆனால் இந்தப் பொருளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். போட்டதும் குழந்தை குடித்தது, ஐந்து நட்சத்திரம், அவ்வளவுதான். அதை எப்போது, எப்படி விடுவது என்ற கேள்வி அதற்குப் பிறகு வாரக்கணக்கில் கூடவே இருக்கும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் நிலைமை இதுதான். மகள் சில வாரங்கள் முன்னதாகவே பிறந்தாள். வாய் சின்னது, உறிஞ்சும் வலுவும் குறைவு. எனக்கு இரண்டு பக்கமும் காம்பு தட்டையானது, இடது பக்கம் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டும் இருக்கும். சீம்பால் வந்த நாட்களில் கையால் பீய்ச்சி ஸ்பூனில் கொடுத்துச் சமாளித்தோம். பால் இறங்கி மார்பு கல்லாகிப் போனதும் அவள் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. வாயைத் திறப்பாள், வழுக்கிக்கொண்டு வந்துவிடும், அழுவாள். பிறகு தாய்ப்பால் ஆலோசகர் ஒருவர் ஷீல்டைப் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு தாளத்தோடு உறிஞ்ச ஆரம்பித்தாள். வாயை எடுத்தபோது ஷீல்டின் முனையில் வெள்ளையாகப் பால் நின்றது. அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

பொருளைப் பற்றிச் சொல்கிறேன். மெல்லிய, ஒளி ஊடுருவும் சிலிகான், அகலமான விளிம்புள்ள ஒரு குட்டித் தொப்பி போல இருக்கும். உச்சியில் பால் வருவதற்குச் சில துளைகள். சிலவற்றில் விளிம்பு முழு வட்டமாக இருக்கும், சிலவற்றில் ஒரு பக்கம் வெட்டி எடுத்திருப்பார்கள். வாங்குவதாக இருந்தால் வெட்டு உள்ளதையே வாங்குங்கள். அந்த இடத்தில் குழந்தையின் மூக்கு நேராக நம் தோலைத் தொடும். நம் வாசனையும் சூடும் ஒவ்வொரு முறையும் அதற்குத் தெரியும். பின்னால் ஷீல்டை எடுக்கும்போது மார்பு புதிய இடமாகத் தோன்றாமல் இருக்க இது உதவும் என்று ஆலோசகர் சொன்னார். எங்கள் விஷயத்தில் அது சரியாகவே இருந்தது.

அளவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மெடெலா ஷீல்டு 16, 20, 24 மில்லிமீட்டர் என்று மூன்று அளவில் வருகிறது. வேறு நிறுவனங்களின் அளவுகள் கொஞ்சம் மாறும். காம்பின் அகலத்தைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் குழந்தையின் வாயையும் பார்க்க வேண்டும். பிரசவம் ஆன இடத்தில் எனக்கு முதலில் கொடுத்தது 24. எனக்கு அது வசதியாகவே இருந்தது. அவளுக்கு முனை மேலண்ணத்தில் ரொம்ப உள்ளே போய்ப் பட்டு, ஓங்கரித்துக்கொண்டே இருந்தாள். ஆலோசகர் வந்து 20க்கு மாற்றிய பிறகு அது நின்றது. அதே நேரம் சின்னதாகவும் எடுத்துவிடக் கூடாது. குடிக்கும்போது காம்பு உள்ளே தாராளமாக முன்னும் பின்னும் நகர வேண்டும். பக்கச் சுவரில் உரசினால் புண்ணாகிவிடும். காம்பு வெளுத்தோ நசுங்கியோ வெளியே வந்தால் அளவையோ குழந்தை பிடிக்கும் விதத்தையோ திரும்பப் பாருங்கள்.

போடும் முறையையும் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். அப்படியே எடுத்து மேலே ஒட்டினால் கழன்று விழும். விளிம்பை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஷீல்டைப் பாதி உள்வெளியாகத் திருப்பி, காம்பு நடுவில் வரும்படி வைத்து, பிறகு விளிம்பை மார்பின் மேல் தடவி விரிக்க வேண்டும். அப்படி விரிக்கும்போது காம்பு தானாகக் கொஞ்சம் உள்ளே இழுக்கப்படும். தட்டையான காம்பு உள்ளவர்களுக்கு அந்தச் சின்ன இழுப்பு பெரிய உதவி. அப்புறம், குழந்தை முனையை மட்டும் வாயில் வைத்துக்கொண்டு உறிஞ்சக் கூடாது. வாய் அகலமாகத் திறந்து, விளிம்போடு சேர்த்து மார்பின் ஒரு பகுதியும் உள்ளே போக வேண்டும். ஷீல்டிலேயே இப்படிப் பெரிதாக வாய் திறந்து பிடிக்கப் பழகிய குழந்தைக்கு, அது இல்லாமல் பிடிப்பது அவ்வளவு தூரமான காரியம் இல்லை.

ஷீல்டு போட்டால் பால் வற்றிவிடும் என்று எனக்குப் பலர் சொன்னார்கள். அந்தப் பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1980இல் வெளியான ஓர் ஆய்வில், அந்தக் காலத்துத் தடித்த ஷீல்டு குழந்தைக்குக் கிடைக்கும் பாலை 58 சதவீதம் வரை குறைத்தது. மெல்லிய லேடெக்ஸ் ஷீல்டிலும் 22 சதவீதம் குறைந்தது. இப்போது கிடைப்பது அதைவிட மெல்லிய சிலிகான். 2000இல் பாலா மையரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், மார்பைப் பிடிக்கத் திணறிய 34 குறைமாதக் குழந்தைகளைப் பார்த்தார்கள். ஷீல்டு இல்லாமல் ஒரு வேளைக்குச் சராசரியாக 3.9 மில்லி குடித்த குழந்தைகள், ஷீல்டோடு 18.4 மில்லி குடித்தன. குறைமாதக் குழந்தை நடுவில் இளைப்பாறும்போதும் ஷீல்டு தன் வடிவத்தை விடாமல் காம்பை நீட்டிப் பிடித்து வைத்திருக்கும். திரும்பத் திரும்ப முதலிலிருந்து இழுத்துப் பிடிக்கும் வேலை குழந்தைக்கு மிச்சம்.

சரியாகப் பிடிக்காத நிறைமாதக் குழந்தைக்கு இதே எண்களை அப்படியே பொருத்திவிட முடியாது. குழந்தை பாலை முழுவதுமாக எடுக்காவிட்டால் சுரப்பு குறையும், ஷீல்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதனால் ஆரம்ப வாரங்களில், அவள் குடித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் பம்ப் பண்ணினேன். ஈர டயப்பர்களைக் கவனித்தோம். பிறந்து ஐந்து நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எடையை அடிக்கடி பார்த்தோம். ஷீல்டு பயன்படுத்துகிற எந்த அம்மாவும் எடை பார்ப்பதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தொல்லைகள் உண்டு. ராத்திரியில் ஒளி ஊடுருவும் ஒரு சின்னச் சிலிகான் துண்டைப் போர்வைக்குள் தேடுவது பெரும்பாடு. குழந்தையின் கை பட்டால் கழன்றுவிடும், அதற்குள் தேங்கியிருந்த பால் முழுக்க நம் மேல் கொட்டும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவ வேண்டும், நாளைக்கு ஒரு முறையாவது கொதிக்க வைக்க வேண்டும். ஒரே அளவில் இரண்டு வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

இனி விடுவது. என் கைக்கு வந்த பெட்டியில் போடுவதற்குப் படம் இருந்தது, கழுவுவதற்குக் குறிப்பு இருந்தது, எப்படி விடுவது என்று ஒரு வரிகூட இல்லை. என் குறை அது ஒன்றுதான். புதிதாகப் பிரசவித்தவளுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

ஆலோசகர் முதலில் சொன்னது இது: பசியில் கத்தும் குழந்தையிடம் ஷீல்டைப் பிடுங்காதே. பசி உச்சத்தில் இருக்கும்போது புதிதாக எதையும் கற்றுக்கொள்ளும் பொறுமை அதற்கு இருக்காது. அதுவரை சட்டென்று மேலண்ணத்தில் பட்டு உறிஞ்சத் தூண்டிய ஓர் உறுதியான முனை, திடீரென்று மென்மையான தோலாக மாறினால் அது குழம்பத்தான் செய்யும். மார்பு என்றாலே சண்டை என்று அதன் மனதில் பதிந்துவிட்டால் பிறகு ஷீல்டோடும் குடிக்காது. அதனால் நாங்கள் அமைதியான நேரங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். தூங்கி எழுந்து, இன்னும் அழ ஆரம்பிக்காமல், வாயை மட்டும் தேடுகிற மாதிரி அசைக்கிற அந்த அரைத்தூக்க நேரம் எங்களுக்கு நன்றாக வேலை செய்தது. விடியற்காலையில் இன்னும் சுலபம்.

பெரும்பாலும் இப்படித்தான் செய்தேன். ஷீல்டோடு ஆரம்பிப்பேன். பால் இறங்கி அவள் மடக் மடக்கென்று விழுங்கத் தொடங்கி, முதல் பசி அடங்கியதும், விரலை வாயோரத்தில் விட்டுப் பிடியைத் தளர்த்தி, ஷீல்டை எடுத்துவிட்டு உடனே திரும்ப வைப்பேன். அந்த நேரத்தில் காம்பும் நன்றாக நீண்டிருக்கும், பாலும் தயாராக வந்துகொண்டிருக்கும். வாய் வைத்ததும் பால் கிடைத்தால் குழந்தைக்கு யோசிக்க நேரம் இருக்காது. பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்புகிறாள் என்றால் திரும்ப ஷீல்டைப் போட்டுவிடுவேன். அதைத் தோல்வியாகவே நினைக்க வேண்டாம் என்று என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு அது தேவைப்பட்டது.

சாய்ந்து உட்காருவதும் பெரிய வித்தியாசத்தைத் தந்தது. முதுகுக்குத் தலையணை வைத்து நான் பாதி படுத்த நிலையில் இருப்பேன், அவள் என் மார்பின் மேல் குப்புறக் கிடப்பாள், இருவருக்கும் நடுவில் துணி இல்லாமல். சும்மா அப்படியே கிடக்கட்டும் என்று விட்டால், தலையை ஆட்டி ஆட்டி அவளே இறங்கி வந்து தேடுவாள். அந்த நிலையில் நாடி மார்பில் அழுந்துவதால் வாயும் தானாகப் பெரிதாகத் திறக்கும். முதல் முறை ஷீல்டே இல்லாமல் பிடித்தது இப்படித்தான், நான் எதுவும் செய்யாமல்.

மார்பு கனத்திருக்கும் நேரங்களில் வேறு ஒரு வேலை வேண்டியிருந்தது. காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் போல மெதுவாக அழுத்திப் பிடித்தால் கருவட்டம் இளகிவிடும். அப்புறம் சில துளிகளைக் கையால் பீய்ச்சினால் காம்பும் வெளியே வரும், வாசனையும் இருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து, அவள் வாயின் போக்குக்கு ஏற்ப மார்பைக் கொஞ்சம் தட்டையாக்கிப் பிடிப்பேன். காம்பை மூக்குக்கு நேராக வைத்துக் காத்திருந்து, வாய் பெரிதாகத் திறந்ததும் நாடியை முதலில் அணைத்து உள்ளே சேர்க்க வேண்டும். இடது பக்கத்துக்கு இதோடு, ஆரம்பிக்கும் முன் பம்ப்பைச் சில நொடிகள் வைத்து எடுக்கவும் வேண்டியிருந்தது.

ஷீல்டின் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரியால் வெட்டிக்கொண்டே வந்தால் குழந்தை மறந்துவிடும் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். வெட்டிய சிலிகானின் ஓரம் கூர்மையாக இருக்கும், குழந்தையின் வாயையும் நம் காம்பையும் கிழிக்கும்.

வலது பக்கம் சீக்கிரம் வந்தது. இடது பக்கம் நீண்ட காலம் ஷீல்டோடுதான். ஒரு பக்கம் ஷீல்டோடும் மறுபக்கம் இல்லாமலும் கொடுப்பதில் ஒரு தவறும் இல்லை. நன்றாகக் குடித்த நாளுக்கு மறுநாள் ஒரேயடியாக மறுப்பதும் நடக்கும். தடுப்பூசி போட்ட நாளிலும் மூக்கடைப்பு வந்தபோதும் முழுக்க ஷீல்டுக்கே திரும்பினோம். குழந்தை வளர வளர வாயும் பெரிதாகிறது, வலுவும் கூடுகிறது, தொடர்ந்து உறிஞ்சுவதால் நம் காம்பும் மெல்ல வெளியே வருகிறது. காலம் நம் பக்கம்தான் வேலை செய்கிறது. கடைசிவரை ஷீல்டோடு மட்டுமே பால் கொடுத்த அம்மாக்களும் இருக்கிறார்கள். எடை ஏறுகிறது, இருவரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்றால் அதுவும் முழுமையான தாய்ப்பால்தான். யாரும் அவர்களைக் குறைத்துப் பேசக் கூடாது.

யாருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்? பால் இறங்குவதற்கு முன் முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே போடுவதற்கு. சீம்பால் கெட்டியானது, கொஞ்சம்தான் வரும், அதில் பாதி சிலிகானிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்த நாட்களுக்குக் கையும் ஸ்பூனும் போதும். வலிக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தானாக வாங்கிப் போடுவதற்கும் பரிந்துரைக்க மாட்டேன். பிடிப்பு சரியில்லாததாலோ, குழந்தையின் நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வு இறுக்கமாக இருப்பதாலோ அந்த வலி வரலாம். ஷீல்டு வலியைக் குறைத்துக் காரணத்தை மறைத்துவிடும். முதலில், குழந்தை குடிக்கும் விதத்தை விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் குறைத்தது, எப்படி விடுவது என்று சொல்லாத அந்த ஒரு வரிக்காக. வாங்கும்போது இன்னொருவர் பயன்படுத்தியதை வாங்காதீர்கள், இது ஒருவருக்கு மட்டுமான பொருள். சிலிகான் மங்கி ஒட்டும் தன்மை வந்தாலோ கீறல் விழுந்தாலோ மாற்றிவிடுங்கள். முழுதாக விட்ட பிறகும் அடுத்த ஓரிரு வாரங்கள் எடையையும் டயப்பரையும் முன்பு போலவே பார்த்துக்கொள்ளுங்கள்.