பாதி விலைக்கு வந்திருக்கும் ஜிஆர்இ வொகாபுலரி ஆப்: நீண்ட நாள் பயன்படுத்தியவளின் கருத்து

ஆண்டுச் சந்தாவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். "இப்போ வாங்கலாமா?" என்று தோழி கேட்டதால் எழுதுகிறேன். மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வில் வெர்பல் என்ற ஆங்கிலப் பகுதிக்காக, அதிலும் சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ் கேள்விகளுக்காகத்தான் நான் இதை வாங்கினேன். கோடிட்ட இடத்தில் வைத்தால் வாக்கியம் ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களை ஆறிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டிய கேள்விகள் அவை. மற்ற பகுதிகளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, விடைகளை மறைத்து வைக்கும் வசதி. முதலில் கோடிட்ட வாக்கியம் மட்டும்தான் தெரியும். அங்கே என்ன வரும் என்று நம் சொந்த வார்த்தையில் எழுதிய பிறகே ஆறு சொற்களும் திறக்கும். ஆறையும் பார்த்தவுடன் ஒரே பொருள் தரும் ஜோடியைத் தேடி ஓடும் பழக்கம் இதனால் போய்விடுகிறது. அது போயே ஆக வேண்டிய பழக்கம். 'வகுப்பில் மணிக்கணக்காகப் பேசும் பேராசிரியர், வீட்டிலோ ____ ஆக இருப்பார்' என்று ஒரு வாக்கியம். விடைகளில் டாசிடர்ன், ரெட்டிசென்ட் ஒரு ஜோடி. மோரோஸ், சல்லன் இன்னொரு ஜோடி. வாக்கியம் பேச்சைப் பற்றியது, 'வீட்டிலோ' அதைத் திருப்பிப் போடுகிறது. எனவே அதிகம் பேசாதவர் என்ற முதல் ஜோடிதான் சரி. அவர் சிடுசிடுப்பானவர் என்பதற்கு அங்கே எந்தக் க்ளூவும் இல்லை. இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். ஒன்றுக்குப் பாதி கிடையாது. 2011-இல் தேர்விலிருந்து ஆன்டனிம் (எதிர்ச்சொல்), அனாலஜி (சொற்களுக்கிடையே உள்ள உறவு) கேள்விகளை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது மட்டும் போதுவதில்லை. வாக்கியத்திலிருந்தே விடையை ஊகிப்பதை இவ்வளவு நன்றாகப் பழக்கிய வேறு ஆப்பை நான் பார்க்கவில்லை.

அப்புறம் மேல்நிலைத் தொகுப்புகளுக்குப் போனால் கோபம்தான் வருகிறது. அதே நான்கு சொற்கள், ஆனால் வாக்கியம் 'வீட்டில் அவர் ____ ஆக இருந்தார்' என்று நின்றுவிடுகிறது. இரண்டு ஜோடியும் பொருந்தும். ஆப்புக்கு ஒன்றுதான் சரி. ஏன் என்று விளக்கத்தைத் திறந்தால் அகராதிப் பொருள் மட்டும் இருக்கிறது. வாக்கியத்தின் எந்தப் பகுதி விடையைக் காட்டுகிறது என்ற ஒரு வரி எங்கும் இல்லை. இன்னொரு கேள்வியில், விமர்சகர் பல குறைகளை அடுக்கிவிட்டு 'குவாலிஃபைட்' பாராட்டு தந்தார் என்றால், அது நிபந்தனையோடு அளவாகத் தந்த பாராட்டு. ஆப்பின் விளக்கமோ 'தகுதி பெற்ற' என்கிறது! எழுதிச் சொன்னேன். நன்றி என்று பதில் வந்தது, கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது.

2023 செப்டம்பரிலிருந்து வெர்பலில் 27 கேள்விகள், 41 நிமிடங்கள். அந்த அவசரத்தில், இல்லாத க்ளூவைத் தேடப் பழகிய கண் நேரத்தைத் தின்றுவிடும்.

விளம்பரம் கிடையாது, இணையம் இல்லாமலும் ஓடுகிறது, சொற்களின் உச்சரிப்பும் தெளிவு. எல்லாம் சரி. ஆனாலும் பாதி விலைக்கும் வாங்காதே என்றுதான் அவளிடம் சொன்னேன். ஜிஆர்இ தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் இரண்டு பவர்ப்ரெப் மாதிரித் தேர்வுகளை எடுத்துக்கொண்டு, விடைகளை ஒரு தாளால் மறைத்துப் பழகட்டும். நான் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.