எந்த நகைச்சுவைக்கு டிக்கெட் எடுப்பது?

"சிரிக்கிற மாதிரி எதையாவது சொல்லுங்கள், போய்ப் பார்க்கிறோம்" என்று கேட்பவர்கள் என்னிடமிருந்து ஒரு பெயரை எதிர்பார்க்கிறார்கள். நான் பதிலுக்கு, எந்த மாதிரி நிகழ்ச்சிக்குப் போக நினைக்கிறீர்கள் என்று கேட்பேன். அவர்கள் முகம் வாடிவிடும். ஆனால் மேடையேறிப் பிழைப்பவனுக்குத் தெரியும், தனி ஆளாக மேடையில் நின்று பேசிச் சிரிக்கவைக்கும் ஸ்டாண்ட்-அப் நகைச்சுவையில் ஆளைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். ஒரே கலைஞர் ஒரே ஆண்டில் கிளப்பில் பதினைந்து நிமிடம் பேசுவார், கையில் காகிதத்தோடு ஒரு சோதனை நிகழ்ச்சி நடத்துவார், பெரிய அரங்கில் ஒரு மணி நேரம் நிற்பார், கடைசியில் கேமராக்களுக்கு முன்னால் அதையே பதிவுசெய்வார். நான்குக்கும் போய்வந்தவர்கள் ஒரே மனிதரைப் பற்றி நான்கு அபிப்பிராயம் சொல்வார்கள்.

எனக்கு ஒரு பக்கச்சாய்வு உண்டு. மெருகேறி முடிந்த நிகழ்ச்சியைவிட இன்னும் முடியாத நிகழ்ச்சிதான் எனக்குப் பிடிக்கும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஓப்பன் மைக்கா, கிளப் நிகழ்ச்சியா?

இதில் பெரிய போட்டி இல்லை. ஓப்பன் மைக்கில் பெயர் கொடுத்த யாரும் ஏறலாம். ஆளுக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் கிடைக்கும். இருக்கைகளில் பாதிப் பேர் அடுத்து ஏறப்போகும் கலைஞர்கள். தங்கள் வரிகளை உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பவர்கள் பிறர் நகைச்சுவைக்குச் சிரிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் சிரித்ததில்லை. முதன்முறை நேரடி நகைச்சுவை பார்ப்பவரை இங்கே அழைத்துச் சென்றால், அவர் அந்தக் கலை பக்கமே திரும்பமாட்டார். நீங்களே ஏறிப் பார்க்க நினைத்தால் மட்டும் போங்கள்.

கிளப்பில் நடக்கும் கலவை நிகழ்ச்சி வேறு வகை. ஒரு தொகுப்பாளர், நான்கைந்து கலைஞர்கள், ஆளுக்குப் பத்து முதல் இருபது நிமிடம். ஒருவர் பிடிக்கவில்லை என்றால் கொஞ்ச நேரத்தில் அடுத்தவர் வந்துவிடுவார். இங்கே கவனிக்கப்படாத நாயகர் தொகுப்பாளர்தான். வேலை முடிந்து களைத்து வந்த அந்நியர்களின் கூட்டத்தை ஒரே பார்வையாளராகக் கட்டிப்போடுவது அவர் பொறுப்பு. அவர் சொதப்பினால் பின்னால் வரும் நான்கு பேரும் மேட்டில் வண்டி இழுக்க வேண்டியதுதான். இன்னொரு லாபமும் உண்டு. நியூயார்க்கின் காமெடி செல்லர் போன்ற கிளப்புகளில் உலகப் புகழ்பெற்றவர்கள் அறிவிப்பே இல்லாமல் வந்து ஏறுவது வழக்கம். அதை நம்பி டிக்கெட் எடுக்கக் கூடாது; நடந்தால் அன்று உங்கள் ராசி. முதன்முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான், யோசிக்கவே தேவையில்லை.

சோதனை நிகழ்ச்சியா, முழு நிகழ்ச்சியா?

உண்மையான போட்டி இங்கேதான் தொடங்குகிறது. விளம்பரத்தில் 'ஒர்க் இன் புரோகிரஸ்' என்றோ 'பிரிவ்யூ' என்றோ போட்டிருப்பார்கள். இடம் சிறியது, கட்டணம் குறைவு, மேடையில் ஒரு ஸ்டூலும் அதன்மேல் கசங்கிய காகிதமும் இருக்கும். கலைஞர் ஒரு வரியைச் சொல்வார். சிரிப்பு வராது. காகிதத்தில் ஏதோ அடிப்பார். அந்த அடித்தலுக்கே கூட்டம் சிரித்துவிடும்.

நகைச்சுவையை வீட்டில் உட்கார்ந்து எழுதி முடிக்க முடியாது என்பதுதான் இதற்குக் காரணம். இசைக்கலைஞர் தனியே சாதகம் செய்யலாம். எங்களுக்குக் கூட்டம் வேண்டும். ஒரு வரியில் எந்தச் சொல் கடைசியில் வர வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும், எது தேவையில்லாத விளக்கம் என்பதையெல்லாம் எழுதியவன் முடிவுசெய்வதில்லை, கேட்பவர்களின் சிரிப்புதான் முடிவுசெய்கிறது. கிறிஸ் ராக் போன்ற பெரிய பெயர்கள்கூடப் பெரும் சுற்றுப்பயணத்துக்கு முன் சிறிய கிளப்புகளில் குறிப்பேட்டோடு ஏறித் தடுமாறுவதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை.

இதை நேரில் பார்க்க வாய்ப்பில்லாதவர்களுக்கு ஒரு நல்ல மாற்று உண்டு. ஜெர்ரி சைன்ஃபீல்ட் 1998-இல் தன் பழைய நகைச்சுவைகளை பிராட்வே மேடையில் கடைசி முறையாகச் சொல்லி மூட்டை கட்டினார். பிறகு வெறுங்கையோடு புதிதாகத் தொடங்கினார். அந்தக் காலத்தைப் பின்தொடர்ந்த 'காமெடியன்' என்ற ஆவணப்படம் 2002-இல் வந்தது. உலகத்தின் மிகப் பிரபலமான தொலைக்காட்சித் தொடர் ஒன்றை முடித்துவிட்டு வந்த மனிதர், சின்னக் கிளப்பில் அடுத்த வரி மறந்துபோய் நிற்கிறார். வணிக வெற்றி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் புதிய பத்து நிமிடத்துக்குச் சலுகை இல்லை என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய படம் எனக்குத் தெரியாது.

சரி, முழு நிகழ்ச்சியில் என்ன கிடைக்கும்? கட்டுக்கோப்பு. ஐந்தாவது நிமிடத்தில் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம் ஐம்பதாவது நிமிடத்தில் எதிர்பாராத இடத்திலிருந்து திரும்பி வந்து அரங்கையே குலுக்கும். நாக்கு குளறியதுபோல் தெரிவதுகூடப் பல நேரங்களில் ஒத்திகை பார்த்ததுதான். (இரண்டு நாள் அடுத்தடுத்து ஒரே நிகழ்ச்சிக்குப் போகாதீர்கள். அந்த மாயை கலைந்துவிடும்.) அமெரிக்கக் கலைஞர் ஜார்ஜ் கார்லின் 1977 முதல் 2008 வரை எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்காக 14 சிறப்பு நிகழ்ச்சிகள் செய்தார். ஒன்று முடிந்ததும் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்ததை எழுதத் தொடங்கும் பழக்கத்தை இன்றைய கலைஞர்களில் பலர் அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மணி நேரமும் ஒரு தனிப் படைப்பு என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது.

என் பக்கச்சாய்வு செல்லுபடியாகாத இடமும் இங்கே இருக்கிறது. ஆஸ்திரேலியக் கலைஞர் ஹன்னா கேட்ஸ்பியின் 'நானெட்' 2017-இல் மெல்பர்ன், எடின்பரோ விழாக்களில் விருது வாங்கி, 2018-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. முதல் பகுதியில் சிரிப்புக்காக வெட்டிச் சொன்ன ஒரு சம்பவத்தின் மிச்சம் பின்பகுதியில் வருகிறது. சிரித்தவர்கள் மூச்சடைத்துப் போகிறார்கள். அதைக் காகிதம் பார்த்து, தட்டுத்தடுமாறிச் சொல்ல முடியாது. கதையாகவோ வாதமாகவோ நகரும் கலைஞர்களை முழு நிகழ்ச்சியில் பாருங்கள். சின்னச் சின்ன நகைச்சுவைகளாக அடுக்குபவர்களுக்குச் சோதனை நிகழ்ச்சியே போதும், அங்கேதான் கூடுதல் சுவாரசியமும்.

சின்ன அறையா, பெரிய அரங்கமா?

நூறு பேர் அமரும் தாழ்ந்த கூரையுள்ள அறையில் சிரிப்பு மேலே போய்த் தொலைவதில்லை, திரும்பி வந்து உங்கள்மேலேயே விழும். நாற்காலிகள் நெருக்கமாக இருக்க வேண்டும், பார்வையாளர் பக்கம் இருட்டாக இருக்க வேண்டும். வெளிச்சத்தில் தன் முகம் தெரிகிறது என்றால் மனிதர்கள் சிரிக்கும் முன் பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள்.

பெரிய அரங்கங்களில் நகைச்சுவை நுழைந்து நெடுங்காலம் ஆகவில்லை. 1993-இல் நியூமன், பெடியல் என்ற நகைச்சுவை இரட்டையர் லண்டனின் வெம்ப்ளி அரினாவை நிரப்பியபோது பிரிட்டனில் அது பெரும் செய்தி. 2008-இல் ஜெர்மன் கலைஞர் மரியோ பார்ட் பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் 67 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன் நின்றார். எண்ணிக்கையைக் கேட்டால் பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி அமர்ந்தவருக்கு அந்த வார்த்தை போய்ச்சேர ஏறக்குறைய 0.3 வினாடி, அவர் சிரிப்பு திரும்பி வர இன்னொரு 0.3 வினாடி. நகைச்சுவையில் அரை வினாடி என்பது பெரிய காலம். அதனால் மேடையில் இருப்பவர் வேகத்தைக் குறைக்கிறார், சைகைகளைப் பெரிதாக்குகிறார், நுணுக்கமான வரிகளைக் கழித்துவிடுகிறார். பின்வரிசையில் இருப்பவர் எப்படியும் பெரிய திரையைத்தான் பார்க்கிறார். அந்தப் பணத்துக்குக் கிளப் டிக்கெட்டுகள் சில வாங்கலாமே என்று எனக்குத் தோன்றும். உங்கள் அபிமானக் கலைஞர் அரங்கங்களில் மட்டுமே நிகழ்த்துகிறார், வேறு வழியில்லை என்றால் போங்கள். பாட்டும் உடலசைவும் அதிகம் உள்ளவர்கள் அங்கேயும் தாக்குப்பிடிப்பார்கள்.

வீட்டில் இருந்தே பார்ப்பவர்களுக்கு

தனியாக உட்கார்ந்து பார்த்தால் சிரிப்பு குறையும். கலைஞர் மேல் பழி போட வேண்டாம். சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரோவைன், மனிதர்கள் தனியே இருக்கும்போதைவிடப் பிறரோடு இருக்கும்போது 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டறிந்தார். நண்பர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பாருங்கள், அதே நிகழ்ச்சி வேறாகத் தெரியும்.

பதிவுசெய்யப்பட்ட சிறப்பு நிகழ்ச்சி பெரும்பாலும் ஒரே இரவின் படம் இல்லை. இரண்டு காட்சிகளைப் படம்பிடித்து, நல்லதை எடுத்து ஒட்டுவார்கள். சொதப்பல் போய்விடும், அதோடு கொஞ்சம் உயிரும் போய்விடும். விதிவிலக்காக நான் எல்லோருக்கும் சொல்வது 1979-இல் திரையரங்குக்கு வந்த ரிச்சர்ட் பிரையரின் 'லைவ் இன் கன்சர்ட்'. மக்கள் இருக்கை தேடிக்கொண்டிருக்கும்போதே மேடைக்கு வந்துவிடுகிறார், அவர்களையே கேலி செய்கிறார். தனக்கு வந்த மாரடைப்பை, தன் இதயமே தன்னை மிரட்டும் பாத்திரமாக நடித்துக்காட்டுகிறார். வசைச்சொற்கள் தாராளமாக வரும், குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள்.

இதற்குப் போட்டியாக நான் நிறுத்துவது ஒலிப்பதிவை. பாப் நியூஹார்ட் 1960-இல் வெளியிட்ட இசைத்தட்டு, அடுத்த ஆண்டு கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்வானது. பாடல் ஒன்றுகூட இல்லை. அதைப் பதிவுசெய்வதற்கு முன் அவர் இரவு விடுதி மேடையில் ஏறியதே இல்லை. தொலைபேசியில் ஒரு பக்கம் மட்டும் பேசுவார். மறுமுனையில் இருப்பவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை நாமே ஊகித்துச் சிரிக்கிறோம். காட்சியே இல்லாததால் இழப்பும் இல்லை. பயணத்தில் கேட்க இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம்.

கைபேசியில் உலவும் துண்டுக் காணொளிகள்? அவற்றில் கணிசமானவை கலைஞர் பார்வையாளரோடு பேசிச் சீண்டும் பகுதிகள். காரணம் எளிது. எழுதிய நகைச்சுவையை இணையத்தில் போட்டால் அது செலவாகிவிடும், டிக்கெட் வாங்கியவர் ஏற்கெனவே கேட்டிருப்பார். பார்வையாளரோடு நடந்த உரையாடல் அன்றோடு போவது, அதைக் கொடுத்துவிடலாம். பக்கவிளைவு என்னவென்றால், நிகழ்ச்சி என்றாலே அதுதான் என்று நினைத்துக்கொண்டு, இடையிடையே கத்துவதற்காகவே சிலர் முன்வரிசை டிக்கெட் வாங்குகிறார்கள். அவர்களை எங்களுக்குப் பிடிக்காது. துண்டைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். குறைந்தது பத்து நிமிடம் தொடர்ச்சியாக ஓடும் பதிவு ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

எழுதாத நகைச்சுவை

இம்ப்ராவ் எனப்படும் எழுதாத நாடகத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, பொறாமைதான் காரணம். சிகாகோவில் 1959-இல் தொடங்கிய செகண்ட் சிட்டி, லண்டன் காமெடி ஸ்டோரில் 1985 முதல் நடத்திவரும் குழு ஆகியவை இதன் பெரிய வீடுகள். நல்ல நாளில் எந்த எழுத்தாளராலும் எழுத முடியாத ஒன்று கண்முன் நடக்கும். மோசமான நாளில் ஆறு பேர் கண்ணுக்குத் தெரியாத கதவைத் திறந்துகொண்டே இருப்பார்கள். நெடுங்காலம் சேர்ந்து நடிக்கும் குழு என்றால் துணிந்து போகலாம். புதுக் குழு என்றால், இலவசமாக இருந்தாலும் யோசியுங்கள்.

வரவிருப்பதில் எதை, எப்போது?

விழாக்களின் நாள்காட்டி ஓரளவு நிலையானது. மெல்பர்ன் விழா மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் வரை. எடின்பரோ ஃபிரிஞ்ச் ஆகஸ்ட். 1947-இல் அழைப்பில்லாமல் வந்த எட்டு நாடகக் குழுக்களால் தொடங்கிய எடின்பரோவில்தான், ஒரு மணி நேர நிகழ்ச்சி என்ற அளவு கலைஞர்களின் உடம்பிலேயே பதிந்துபோனது. மெல்பர்னில் அரங்கேறும் நிகழ்ச்சி பல நேரங்களில் ஆகஸ்டில் எடின்பரோவுக்கு வருகிறது. ஏப்ரலில் பார்த்தால் முனை மழுங்காத, ஆனால் தையல் தெரியும் வடிவம் கிடைக்கும். ஆகஸ்டில் பார்த்தால் தையல் மறைந்திருக்கும். நான் ஏப்ரல் கட்சி.

எடின்பரோவுக்குள்ளேயும் இந்தத் தேர்வு உண்டு. முதல் சில நாள்கள் முன்னோட்டக் காட்சிகள். கட்டணம் குறைவு, வரிகள் இன்னும் மாறிக்கொண்டிருக்கும். மாத நடுவில் எல்லோரும் களைத்துப்போய், குரல் கம்மி, முந்தைய நாளின் விமர்சனத்தை மனத்துக்குள் திட்டிக்கொண்டே மேடையேறுவார்கள். கடைசி வாரத்தில் நிகழ்ச்சி கச்சிதமாக இருக்கும், டிக்கெட்தான் கிடைக்காது. கையில் காசு குறைவு என்றால் வாசலில் வாளி ஏந்தி நிற்கும் இலவச நிகழ்ச்சிகளைத் தேடுங்கள். நன்றாக இருந்தால் வெளியே போகும்போது போட்டுவிட்டுப் போகலாம்.

இருக்கையைப் பொறுத்தவரை, முன்வரிசையில் உட்கார்ந்தால் உங்கள் தொழிலும் திருமண நிலையும் மேடைக்கு வரும். மூன்றாவது அல்லது நான்காவது வரிசை, நடுப்பகுதி. அங்கே உட்காருங்கள். ஓர இருக்கை வேண்டாம். தாமதமாக வருபவர்களுக்கு எழுந்து வழிவிட்டால் அடுத்த பத்து நிமிடம் நீங்கள்தான் நகைச்சுவை.