ஊசிக்காக மாத்திரையை நிறுத்தலாமா?

திங்கட்கிழமை இரவு ஆறு மாத்திரை, மிளகு பருமனில். மெத்தோட்ரெக்ஸேட், உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து. மறுநாள் ஃபோலிக் அமிலம். மூட்டு முடக்குவாதம் வந்த நாளிலிருந்து என் வாரம் இப்படித்தான் தொடங்குகிறது. தைப்பூசத்துக்கு மலேசியாவின் பத்துமலை முருகன் கோயில் கூட்டத்தில் நிற்குமுன் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வேன். எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை ஊசியின் பலனையும் குறைக்கும். போட்ட பிறகு இரண்டு வாரம் மாத்திரையை விடுவதா, விடாமல் விழுங்குவதா?

விடுவதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. கொரியாவில் 2018-இல் வெளியான ஆய்வில், ஊசிக்குப்பின் இரண்டு வாரம் நிறுத்தியவர்களில் 75.5 விழுக்காட்டினருக்குப் போதிய எதிர்ப்பாற்றல் வந்தது, தொடர்ந்தவர்களில் 54.5 விழுக்காட்டினருக்கே. நோய் அடங்கியிருந்தால் நிறுத்தலாம் என்றே அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பின் (ACR) 2022 வழிகாட்டியும் சொல்கிறது. ஊசிக்குப் பின்தான், முன்னல்ல. செந்தூலில் இருக்கும் என் அண்ணி ஊசிக்கு முந்தைய இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, போட்ட அன்றே விழுங்கினார். விரதத்தை நாள் மாற்றி இருந்த கதைதான்.

விழுங்குவதற்கு ஒரே வாதம், வலி. பிரிட்டனில் கொரோனா ஊசிக்காக நிறுத்தியவர்களுக்கு எதிர்ப்பொருள் இரு மடங்கானது. மூட்டு வலி கிளம்பியவர்களும் கூடினார்கள். எனக்குப் போன முறை இரண்டாம் வாரத்தில் ஊறுகாய்ப் போத்தல் மூடி திறக்க வரவில்லை, காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த நிலையில் பத்துமலையின் 272 படி ஏறுவது எங்கே? என் முடிவு: நிறுத்துவேன், ஆனால் ஊசியை டிசம்பர் தொடக்கத்திலேயே போட்டுக்கொள்வேன். தைப்பூசத்துக்குள் விரல் வழிக்கு வந்துவிடும்.

அக்கி ஊசிக்கு இந்தக் கணக்கு வேண்டாம். பழைய அக்கி ஊசி உயிருள்ள கிருமியால் ஆனது, நம்மைப் போன்றவர்களுக்கு ஆகாது. புதியது அப்படியல்ல, இரண்டு தவணை, மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தாமலே போடலாம்.

ரிடுக்சிமாப் என்ற எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்தை ஏற்றிக்கொள்பவர்கள் என் வழியைப் பின்பற்றக் கூடாது. அவர்கள் ஃப்ளூ ஊசியைத் தள்ளிப்போடாமல் போட வேண்டும். உயிரற்ற மற்ற ஊசிகளை அடுத்த மருந்தேற்றும் நாள் நெருங்கும்போது போட்டு, மருந்தை இரண்டு வாரமாவது தள்ள வேண்டும்.

எதையும் நிபுணரிடம் சொல்லிவிட்டே செய்கிறேன். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் எந்த ஊசிக்காகவும் நானாக நிறுத்தமாட்டேன். நெடுநாள் எடுத்ததைச் சட்டென்று விட்டால் உடல் தாங்காது.