புள்ளி விழாத கீபோர்ட்: கொழும்புக்குக் கொண்டுபோவதா, மட்டக்களப்பிலேயே மாற்றுவதா?

'மட்டக்களப்பு' என்று பத்துத் தடவை டைப் செய்தால் 30 புள்ளி விழவேண்டும். என் புது லெப்டொப்பில் 22 தான் விழுந்தன.

பாமினி என்ற தமிழ்க் கீபோர்ட் முறையில் டைப் செய்கிறவர்களுக்கு விஷயம் உடனே விளங்கும். அதில் மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது செமிகோலன் விசையில், வலது சுண்டுவிரல் சும்மா கிடக்கிற இடத்தில். ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவருக்கு அது மாதத்தில் ஒருநாள் தேவைப்பட்டால் பெரிய காரியம். எனக்கோ ஒரு பக்கம் முடிவதற்குள் நூற்றுக்கணக்கில் வேண்டும். மட்டக்களப்பு கல்லடியில் வீட்டில் இருந்தபடி அச்சகங்களுக்கு டைப் செய்து கொடுப்பதுதான் என் தொழில்: கலியாணக் கார்ட், பள்ளிக்கூட வினாத்தாள், 31ஆம் நாள் நினைவுமலர். இறந்துபோன கண்ணனை 'கணணன' என்று அடித்துக் கொடுத்தால் அந்த வீட்டுக்காரர் முகத்தில் நான் எப்படி முழிப்பது?

விற்ற கடைக்குப் போன் எடுத்தபோது அந்தத் தம்பி, "செமிகோலனா அண்ணா? அது அவ்வளவா பாவிக்கிற கீ இல்லையே" என்றார். அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது.

இப்படி ஒரு சிக்கல் வந்தால் நமக்கு இருக்கிற வழிகள் நாலு. கடையில் மாற்றிக் கேட்கலாம். கம்பனி வொரண்டியில் திருத்தலாம். இங்கேயே ஒரு கடையில் கீபோர்ட் மாற்றலாம். அல்லது வெளிக் கீபோர்ட் ஒன்றைக் குத்திக்கொண்டு சமாளிக்கலாம். நான் முதலாவதைத் தவறவிட்டு, நாலாவதில் ஒரு மாதம் ஓட்டி, மூன்றாவதுக்கு ஏறக்குறையச் சம்மதித்து, கடைசியில் இரண்டாவதுக்குப் போனவன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலே சொல்லிவிடுகிறேன்: வொரண்டி.

அதற்கு முன் பழுது கீபோர்டிலா விண்டோஸிலா என்று பார்த்துவிட வேண்டும். வலது ஷிப்டை எட்டு விநாடி அமத்திப் பிடித்தால் பில்டர் கீஸைத் தொடங்கவா என்று விண்டோஸ் கேட்கும். தெரியாமல் ஓம் கொடுத்துவிட்டால், வேகமாக அடிக்கிற எழுத்துகள் காணாமல் போகும். கீபோர்ட் பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓடுவீர்கள். ஒரு யூஎஸ்பி கீபோர்டைக் குத்தி அதே விசையை அடித்துப் பாருங்கள். அதில் ஒழுங்காக விழுந்தால் பழுது பெரும்பாலும் லெப்டொப்பின் கீபோர்டில்தான். மூடியைக் கத்தியால் நெம்பிப் பார்க்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. வேண்டாம். அதன் அடியில் உள்ள கத்தரிக்கோல் மாதிரியான பிளாஸ்ரிக் கால் உடைந்தால், அதற்குப் பிறகு அது உங்கள் கைப்பிழை.

கடையில் மாற்றிக் கேட்பது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாங்கிய சில நாட்களுக்குள் என்றால் அதைவிட நல்ல வழி கிடையாது. நான் கொழும்பு பம்பலப்பிட்டியில் வாங்கி வந்த மூன்றாம் இரவே புள்ளி தவறுவதைக் கண்டேன். புது விசை, இறுக்கம், பழகினால் சரிவரும் என்று இரண்டு கிழமை விட்டுவிட்டேன். அதற்குள் கடை மாற்றித் தரும் காலம் முடிந்துவிட்டது. பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் அது இருந்திருக்கிறது. கடை முழுக்கவே கைவிரித்தால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கவும் முடியும். எனக்கு அந்த அளவுக்குத் தேவைப்படவில்லை.

வெளிக் கீபோர்ட் வழி மலிவு. இரண்டாயிரம் சொச்சத்துக்கு வாங்கினேன், அன்றிரவே ஒரு கலியாணக் கார்ட் முடித்தேன். ஆனால் அதை லெப்டொப்பின் மேல் வைத்தால் கீழே உள்ள விசைகள் அமரும், முன்னால் வைத்தால் திரை எட்டப் போய்விடும். அச்சகத்துக்குப் போய் அங்கிருந்தே திருத்தம் செய்கிற நாட்களில் பையில் இரண்டு சாமான். புதுசு வாங்கி ஊன்றுகோலோடு நடத்துகிற மாதிரி.

விசையை இடம் மாற்றியும் பார்த்தேன். மைக்ரோசொப்டின் பவர்டோய்ஸ் இலவசம்தான், அதில் கெப்ஸ் லொக்கைச் செமிகோலனாக்கிவிடலாம். வேலை செய்தது. ஆனால் இருபது வருடமாக வலது சுண்டுவிரலில் புள்ளி வைத்த கை, இடதுக்கு மாறச் சம்மதிக்கவில்லை. "தமிழ்99க்கு மாறுங்க, அதில ஒரே எழுத்தை இரண்டுதரம் அடிச்சாப் புள்ளி தானா விழும்" என்றார் ஒரு நண்பர். அது இன்னொரு தமிழ்க் கீபோர்ட் முறை. உண்மைதான், அதில் புள்ளிக்கு வேறு விசையும் இருக்கிறது. ஆனால் செமிகோலன் விசையில் அங்கே குந்தியிருப்பது 'ந'. புள்ளி தப்பினாலும் 'நான்' போய்விடும்!

இனி உண்மையான போட்டிக்கு வருகிறேன். இங்கேயே மாற்றுவதா, கொழும்புக்குக் கொண்டுபோவதா?

திருமலை வீதியில் எனக்குப் பழக்கமான ஒரு திருத்துநர் இருக்கிறார். கெட்டிக்காரத் தம்பி, கை சுத்தம், பழைய மெஷின்கள் இரண்டை உயிர்ப்பித்துத் தந்தவர். கீபோர்டும் கூலியும் சேர்த்து 14,000 சொன்னார். சாமான் கொழும்பிலிருந்து வர மூன்று நாள், மாட்ட அரை நாள். மறுபக்கம், கம்பனியின் சேவை நிலையம் இருக்கிற கொழும்பு என்றால் 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கி, கந்தோர் திறக்கும்வரை காத்திருந்து, பிறகு ஒரு மாதமோ என்னமோ. வொரண்டியில் காசு இல்லை என்கிறார்கள், பஸ் காசும் போன நாளும் யார் கணக்கு? இந்த இடத்தில் நான் திருமலை வீதிப் பக்கம்தான் நின்றேன்.

என்னைத் திருப்பியது அந்தத் தம்பியேதான். "அண்ணே, காசு வாங்கிறதுக்கு முதல் ஒண்டு காட்டுறன்" என்று, மேசைக்கடியிலிருந்து என்னுடைய மாதிரியே மெல்லிய, செத்துப்போன லெப்டொப் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். அடிமூடி, பற்றரி, மதர்போர்ட் எல்லாம் கழற்றியிருந்தது. கீபோர்டின் முதுகு தெரிந்தது. அங்கே ஒரு திருகாணி இல்லை. மேல்மூடியிலிருந்து முளைத்த பிளாஸ்ரிக் காம்புகள் தகட்டின் துளைகளுக்குள்ளால் வந்து, நுனியில் சூடு வைத்து உருக்கி, சின்னச் சின்னக் காளான் தலைகளாக அமர்ந்திருந்தன. வரிசை வரிசையாக, எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டேன்.

கீபோர்டை மட்டும் மாற்றுவதென்றால் இந்தத் தலைகளை எல்லாம் சீவி எடுக்க வேண்டும். புதுக் கீபோர்டை வைத்தபின், மிஞ்சிய கட்டைக் காம்புகளைச் சோல்டரிங் அயனால் திரும்ப உருக்கி அமத்த வேண்டும். நீளம் போதாத இடத்தில் பசை. "ஓரம் எல்லாம் நல்லா நிக்கும். நடுவில கொஞ்சம் தொய்யும். ஒரு விரலால அடிக்கிற ஆளுக்கு விளங்காது, நீங்க நாள் முழுக்க அடிக்கிற ஆள்" என்றார். அந்த நேர்மைக்காகவே அடுத்த பழுதும் அவரிடம்தான் போகும்.

சேவை நிலையம் இப்படிச் செய்வதில்லை. இந்த வகை மெஷினுக்குக் கம்பனி தரும் பாகமே மேல்மூடியும் கீபோர்டும் ஒன்றாகச் சேர்ந்தது. காம்புகள் தொழிற்சாலையிலேயே உருக்கி வருகின்றன. பழைய மூடி அப்படியே போய், புது மூடி வரும். நான் 14,000க்கும் சும்மாவுக்கும் இடையில் தெரிவு செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இரண்டு இடத்திலும் மாட்டப்போவது ஒரே பாகமே இல்லை. வொரண்டி முடிந்தபின் அந்த முழுப் பாகத்துக்கு என்ன விலை என்று பிறகு கவுண்டரில் கேட்டேன். நம் தம்பி சொன்னதைப்போல் மூன்று மடங்குக்குக் கிட்ட. ஆகவே சின்னப் பழுது, ஆறுதலாகப் பார்ப்போம் என்று வருடத்தைக் கடத்தினால், சும்மா கிடைத்திருக்கக்கூடிய ஒன்றுக்கு அந்த விலையைக் கொடுக்க வேண்டிவரும், அல்லது நடுவில் தொய்கிற கீபோர்டோடு காலம் தள்ள வேண்டும். மேலும், இங்கே ஒருதரம் திறந்து காம்பு சீவினால், மீதி மாதங்களுக்கான வொரண்டியை யாரிடம் போய்க் கேட்பது? திரையும் போர்டும் கூட அந்த ஒரே கடதாசியில்தான் தொங்குகின்றன.

உங்கள் மெஷின் எந்த வகை என்று தெரிய அதைத் திறக்கத் தேவையில்லை. பெரிய கம்பனிகள் மொடல் வாரியாகச் சேவைக் கையேடுகளை இணையத்தில் போட்டிருக்கின்றன. பாகப் பட்டியலில் கீபோர்ட் தனியாக இருக்கிறதா, 'கீபோர்டுடன் மேல்மூடி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய திங்க்பாட்கள் போல அடியில் இரண்டொரு திருகாணியைக் கழற்றினால் கீபோர்ட் கையோடு வரும் வகை என்றால் நான் எழுதியதெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது. வொரண்டியும் முடிந்திருந்தால் திருமலை வீதிக்கே போங்கள், பத்து நிமிட வேலை.

இன்னொன்று, பற்றுச்சீட்டில் ஒரு வருட வொரண்டி என்று இருந்தாலும் அது கம்பனியுடையதா, கடையினுடையதா என்று தொடர் இலக்கத்தைக் கம்பனியின் தளத்தில் போட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கடை வொரண்டி என்றால், அவர்களும் காம்பு சீவித்தான் மாட்டக்கூடும். என்னுடையது நல்லகாலம் கம்பனியுடையதாக இருந்தது.

கூரியரில் அனுப்பாமல் நானே போனதற்குக் காரணம் இருக்கிறது. என் பழுது எப்போதும் வருகிற பழுது இல்லை. கவுண்டரில் இருந்த சிங்களத் தம்பி ஆட்காட்டி விரலால் நடுவில் ஓங்கி நாலு அடி அடித்தார், நாலும் விழுந்தது. என்னைப் பார்த்தார். இதற்காகத்தான் வீட்டில் வீடியோ எடுத்து வைத்திருந்தேன்: பத்து மட்டக்களப்பு, 22 புள்ளி. தமிழ் தெரியாதவருக்கு அது விளங்காது என்று, வெறும் செமிகோலனையே சுண்டுவிரலால் ஓரத்தில் மெல்ல அடித்து எண்ணிக் காட்டும் பகுதியும் அதில் உண்டு. அவர் தன் சுண்டுவிரலை வைத்து விசையின் வலது ஓரத்தில் தட்டினார். விழவில்லை. இன்னொருதரம். விழவில்லை. "ஆ, ஹரி ஹரி" (சரி, சரி) என்று படிவத்தை இழுத்தார். கூரியரில் போயிருந்தால் 'பழுது எதுவும் இல்லை' என்ற துண்டோடு திரும்பி வந்திருக்கும் என்பது என் ஊகம். முழுக்கச் செத்துப்போன விசை என்றால் கூரியரே போதும்; பஸ் காசு மிச்சம்.

கொடுக்கும்போது என் கோப்புகளைத் தனியே பிரதி எடுத்துவிட்டு, கடவுச்சொல் இல்லாத வேறு கணக்கு ஒன்றைத் திறந்து கொடுத்தேன். வாடிக்கையாளரின் நினைவுமலர்ப் படங்களெல்லாம் அதற்குள் கிடந்தன.

பாகம் வர 12 நாள் எடுத்தது. கொழும்பில் இருக்கும் மச்சான் போய் எடுத்து, ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தார். ஆக எனக்குப் போனது ஒரு பயணம், ஒரு நாள் வேலை. மேல்மூடி முழுக்கப் புதுசு, டச்பாடும் சேர்த்து. வேலைச்சீட்டில் என்ன பாகம் மாற்றினார்கள் என்று எழுதியிருக்கிறது; விற்கும்போது காட்டலாம் என்று பற்றுச்சீட்டோடு வைத்திருக்கிறேன்.

நான் பார்த்தது ஒரு மெஷின், ஒரு விசை. ஒருதரம் அடித்தால் இரண்டாக விழும் பழுதுக்கு, பின்விளக்கு எரியும் கீபோர்டுக்கு இதே கணக்குத்தானா என்று அனுபவத்தில் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. மாற்றி நாலு மாதம்தான் ஆகிறது. கல்லடி உப்புக்காற்றில் இது எவ்வளவு தாங்கும் என்பதும் போகப்போகத்தான். வேலை அவசரம், மெஷினை ஒரு நாளும் பிரிய முடியாது என்கிறவர்கள் யூஎஸ்பி கீபோர்டோடு இருப்பதில் எனக்கு முறைப்பாடு இல்லை. வொரண்டி முடிகிற திகதியை மட்டும் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

மச்சான் பையை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்க முதலே மூடியைத் திறந்தேன். பத்து மட்டக்களப்பு. "என்ன அத்தான், ஊர்ப் பேரையே திரும்பத் திரும்ப அடிக்கிறீங்க?" என்றார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை. 30.