செலாங்கா, செமாக்ஸா?

இணையத்தில் இந்த இரண்டு மூக்குச் சொட்டு மருந்துகளையும் ஜோடி போட்டே விற்கிறார்கள். அதனால் பதற்றத்தால் அவதிப்படுபவர் எதை வாங்கினாலும் சரிதான் என்று நினைத்துவிடுகிறார். செமாக்ஸின் ரஷ்யக் குறிப்புத்தாளோ வேறு மாதிரி சொல்கிறது: பதற்றத்தோடு கூடிய மனநலக் கோளாறு இருந்தாலோ, முன்பு வலிப்பு வந்திருந்தாலோ அதைப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டும் மாஸ்கோவின் மூலக்கூறு மரபியல் நிறுவனத்தில் பிறந்தவை. ஏழு அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடுகள், அதாவது குட்டிப் புரதத் துண்டுகள். நொதிகள் சீக்கிரம் சிதைத்துவிடாமல் இருக்க, இரண்டின் வாலிலும் புரோலின்-கிளைசின்-புரோலின் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் சேர்த்திருக்கிறார்கள். தலைப்பகுதிதான் வேறு. செலாங்குக்கு அது நோய் எதிர்ப்போடு தொடர்புடைய டஃப்ட்சின் என்ற பெப்டைடு. செமாக்ஸுக்கு, அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனின் ஒரு துண்டு. ஆனால் அந்தத் தூண்டும் வேலை செமாக்ஸுக்கு இல்லை.

பதற்றத்துக்கு என்றால் செலாங்க் பக்கம்தான் கொஞ்சமாவது சான்று இருக்கிறது. 2008இல் வெளியான ரஷ்ய ஆய்வில் 62 நோயாளிகளில் 30 பேருக்குச் செலாங்கும் 32 பேருக்கு பென்சோடயசெபைன் வகைப் பதற்ற மருந்தான மெடாசெபாமும் கொடுத்தார்கள். பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. செலாங்க் எடுத்தவர்களுக்குச் சோர்வும் குறைந்தது. ஆனால் போலி மருந்துக் குழு இல்லை, ஆட்களும் குறைவு. இதை வைத்து "நிரூபணமான மருந்து" என்று விற்பது அநியாயம். செமாக்ஸை ரஷ்யாவில் பக்கவாதத்துக்கும் நினைவு, கவனக் குறைபாடுகளுக்கும் தருகிறார்கள். ஆரோக்கியமானவரின் மூளையை அது கூர்மையாக்கும் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இரண்டையுமே அங்கீகரிக்கவில்லை.

அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். செலாங்க் 0.15%: ஒரு சொட்டில் சுமார் 75 மைக்ரோகிராம். ஒவ்வொரு நாசியிலும் 2 சொட்டு, நாளைக்கு 3 வேளை என்றால் 900 மைக்ரோகிராம். 14 நாளுக்கு 168 சொட்டு, அதாவது 8.4 மில்லி, 3 மில்லி புட்டி மூன்று வேண்டும். செமாக்ஸ் 0.1%, 1% என இரண்டு வலிமைகளில் வருகிறது. முன்னதில் சொட்டுக்கு 50 மைக்ரோகிராம், பின்னதில் 500. பக்கவாதத்துக்கான 1% புட்டியை மாற்றி எடுத்தால் அளவு பத்து மடங்காகிவிடும்.

சளி, ஒவ்வாமையால் மூக்குச் சவ்வு வீங்கியிருந்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. தலையை அதிகம் சாய்த்தாலும் பலமாக உறிஞ்சினாலும் அது தொண்டைக்கு இறங்கும். வயிற்றில் பெப்டைடு சிதைந்துவிடும். புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

"ஆய்வுக்கு மட்டும்" என்று ஒட்டி வரும் தூள் குப்பிகளை வாங்கவே வேண்டாம். உள்ளே எவ்வளவு இருக்கிறது, கிருமி நீக்கியதா என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல் மட்டுமே உத்தரவாதம். ஏற்கெனவே பென்சோடயசெபைன் எடுப்பவர், செலாங்கை நம்பி அதைச் சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் துணையோடு படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.