லெட் இட் பீ: 1970-ஆ, 2003-ஆ?

பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸின் ‘லெட் இட் பீ’யைக் கேட்க உட்காருபவர்கள் தடுமாறும் இடம் இது. பெரும்பாலும் 1969 ஜனவரியில் பதிவான பாட்டுகள்தான், ஆனால் ஆல்பம் இரண்டு. இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் முடித்துக்கொடுத்து 1970 மே மாதம் வந்தது ஒன்று. 2003 நவம்பரில் வந்த ‘லெட் இட் பீ... நேக்கட்’ இன்னொன்று.

ஒலி
1970: ‘தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு’ முழுக்க ஆர்கெஸ்ட்ராவும் பெண்கள் கோரஸும். பாட்டை எழுதிப் பாடிய குழு உறுப்பினர் மெக்கார்ட்னியைக் கேட்காமலே ஸ்பெக்டர் சேர்த்தது. குழுவைக் கலைக்க அவர் போட்ட வழக்கில் இதுவும் ஒரு காரணம்.
2003: அதே பாட்டு, வேறு டேக் (இன்னொரு முறை வாசித்துப் பதிந்தது). ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் குழுவின் வாசிப்பு, விருந்தினராக வாசித்த பில்லி பிரெஸ்டனின் கீபோர்டு, குரல். எனக்கு இதுதான் நெஞ்சைத் தொடுகிறது.

பேச்சு
1970: நடுநடுவே குழுவின் இன்னொரு பாடகர் லெனனின் கிண்டல். ‘கெட் பேக்’ ஸ்டூடியோவில் பதிவானது. ஆனால் அதே ஜனவரியில் லண்டனில் குழு நடத்திய மொட்டைமாடிக் கச்சேரியில் அவர் சொன்ன நன்றியை அதன் வாலில் ஒட்டியிருக்கிறார்கள்.
2003: பாட்டு மட்டும்.

பாடல்கள்
1970: 12. ‘டோன்ட் லெட் மீ டவுன்’ இல்லை, பெரிய குறை.
2003: 11. அது உண்டு, ‘டிக் இட்’, ‘மேகி மே’ போயின.

அப்புறம், நேக்கட் (ஒப்பனையில்லாதது) என்ற பெயரை அப்படியே நம்ப வேண்டாம். இதிலும் வெட்டி ஒட்டல் உண்டு: ‘டோன்ட் லெட் மீ டவுன்’ மாடியில் இரண்டு முறை வாசித்ததன் இணைப்பு.

1970-ல் உலகம் கேட்டது என்ன என்று தெரிய வேண்டுமா, முதலாவது. நால்வரும் சேர்ந்து வாசிப்பதைப் பக்கத்தில் கேட்க வேண்டுமா, சரி, 2003-ஐ எடுங்கள்.