சின்ன டேப்லெட்டுக்குப் பின்பக்கக் கேமரா எதற்கு? பள்ளத்தூர் வீட்டில் 8 மாதம்

கோட்டையூரில் 22 வருடம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். அதனால் பிள்ளையார்பட்டித் தேரன்று கூட்டத்துக்கு நடுவில் தோசைக்கல் மாதிரி டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஓர் இளக்காரம். பின்னால் நிற்பவனுக்குத் தேர் தெரியாது, இவர்களுடைய திரைதான் தெரியும். டேப்லெட்டுக்குப் பின்னால் கேமரா வைத்தவனைப் பிடித்து உதைக்க வேண்டும் என்று டீக்கடையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். இப்போது என் பிழைப்பில் பாதி அந்தக் கேமராவை நம்பி நடக்கிறது. சொன்னதைக் கொஞ்சம் வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது.

ஸ்டூடியோவைச் செல்போன் விழுங்கிய பிறகு நான் வீடு பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தேன். பள்ளத்தூரில் இரண்டு, கானாடுகாத்தானில் ஒன்று. மூன்றுமே செட்டிநாட்டுப் பாணியில் முகப்பு, பட்டாலை, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளியே வரும் வீடுகள். உரிமைக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வாரம் ஒருநாள் திறந்து பெருக்க வேண்டும், கரையான் பார்க்க வேண்டும், மழை பெய்தால் மறுநாளே போய் ஒழுகலைப் பார்த்துத் தகவல் சொல்ல வேண்டும். இரண்டு வீட்டுக்காரர்களுக்கு "ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று ஒரு வரி அனுப்பினால் போதும். மூன்றாவது வீட்டு ஆச்சிக்கு அது போதாது. வயது 79. சென்னையில் இருக்கிறார், ஆனால் மனசு பள்ளத்தூர் வளவில்தான் உட்கார்ந்திருக்கிறது. "சொல்லாதீங்க தம்பி, காட்டுங்க" என்பார்.

காட்டுவதற்கென்று 2013இல் அவருடைய மகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு நெக்ஸஸ் 7 கொண்டுவந்து கொடுத்தார். கூகுளும் ஏசஸும் சேர்ந்து 2012இல் கொண்டுவந்த முதல் மாடல். 7 அங்குலம், 340 கிராம், அமெரிக்காவில் 199 டாலர். முன்பக்கம் 1.2 மெகாபிக்சலில் ஒரு கேமரா, பின்பக்கம் வெறும் முதுகு. அந்த விலைக்கு எதையாவது விட்டால்தான் கட்டுப்படியாகும். என்னைக் கேட்டிருந்தால் நானும் பின்கேமராவைத்தான் விடச் சொல்லியிருப்பேன். படிக்க, ஸ்கைப்பில் முகம் பார்த்துப் பேச அது தங்கமான சாமான். நான்தான் அதை வேறு வேலைக்கு வைத்தேன்.

முன்கேமராவால் வீட்டைக் காட்ட வேண்டுமென்றால் டேப்லெட்டைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். திரை சுவரைப் பார்க்கும், நான் அதன் முதுகைப் பார்ப்பேன். ஆச்சிக்கு என்ன தெரிகிறது என்று எனக்குத் தெரியாது. "தம்பி, தூணைக் காட்டச் சொன்னா வேட்டியைக் காட்டுறீங்களே" என்று குரல் வரும். கொஞ்சம் மேலே தூக்குவேன். "இப்ப ஓட்டடை தெரியுது." இப்படியே அரை மணி நேரம் போகும். 2010இல் வந்த முதல் ஐபேடில் கேமராவே கிடையாது. மறு வருடமே அடுத்த மாடலில் முன்னும் பின்னும் வைத்துவிட்டார்கள். நெக்ஸஸ் 7க்கும் 2013 மாடலில் பின்னால் 5 மெகாபிக்சல் வந்தது. எனக்குப் புரியத்தான் அதற்கு மேலும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

நெக்ஸஸ் வயதாகி ஓய்ந்த பிறகு கொஞ்ச காலம் செல்போனை வைத்தே ஓட்டினேன். அப்புறம் 2025 மே மாதம் இரண்டு விஷயம் நடந்தது. ஸ்கைப்பை மூடினார்கள். ஐபேடுக்கு வாட்ஸ்அப் வந்தது. ஆச்சியிடம் இருப்பது ஐபேடு. "இனிமே பெருசாப் பார்க்கலாம், நீங்களும் ஒண்ணு வாங்கிக்கங்க" என்று பணம் அனுப்பிவிட்டார்.

காரைக்குடியில் ஒரு கடையில் வாங்கினேன். கடை பேரும் கம்பெனி பேரும் வேண்டாம். இந்த விலையில் நாலைந்து கம்பெனிகள் அச்சடித்த மாதிரி இதையேதான் விற்கிறார்கள். 8.7 அங்குலம், 330 கிராம் சொச்சம், பின்னால் 8 மெகாபிக்சல், முன்னால் 2, விலை 12,000 சொச்சம். கடைப் பையன் "எட்டு எம்பி சார், படம் சூப்பரா வரும்" என்றான். ஆட்டோஃபோகஸ், அதாவது கிட்டத்தில் வைத்தாலும் தூரத்தில் வைத்தாலும் லென்ஸ் தானே குவிந்துகொள்ளும் வசதி, இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாம் ஆட்டோதான் சார்" என்றான். சரி என்று அவன் மேஜையிலிருந்த பில் புத்தகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துக் கேமராவைக் காட்டினேன். முதல் இரண்டு டேப்லெட்டிலும் எழுத்து மங்கலாகவே நின்றது. மூன்றாவது ஒரு நொடி திணறிவிட்டு ஜிஎஸ்டி எண்ணைக்கூடத் தெளிவாகக் காட்டியது. அதைத்தான் எடுத்தேன். நீங்களும் வாங்கப் போனால் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள். அட்டைப்பெட்டியில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நவம்பரில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை, வளவில் நின்று ஆச்சியைக் கூப்பிட்டேன். பின்கேமராவுக்கு மாற்றியதும் எனக்கும் அவருக்கும் ஒரே காட்சி. இரண்டு ஓட்டுக் கூரைகள் சேரும் மூலையை, ஓட்டைத் தாங்கும் கைமரங்களோடு காட்டினேன். "அந்தக் கைமரத்துல கறுப்பா ஓடுதே, அது நிழலா, ஈரமா?" அங்கே அப்படி ஒரு கோடு இருப்பதையே அதுவரை நான் கவனிக்கவில்லை. மதுரையில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவன், 14 அடி உயரத்தில் இருப்பது எனக்கு எங்கே தெரியும்? திரையில் விரலால் பெரிதாக்கினேன். ஈரம்தான். ஓடு ஒன்று நகர்ந்திருந்தது. மறுநாளே ஆள் ஏறிச் சரிசெய்தாகிவிட்டது. அது மார்கழிவரை அப்படியே கிடந்திருந்தால் பர்மாத் தேக்கு என்றாலும் கணக்கு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அன்றைக்குத்தான் இதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது. ஸ்டூடியோவில் நான் பல வருடம் புழங்கியது யாஷிகா மேட். கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிற கேமரா இல்லை அது. இடுப்பருகே வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். மேலே ஆறுக்கு ஆறு சென்டிமீட்டரில் ஒரு மங்கல் கண்ணாடி, அதில் இடம் வலமாகப் படம் விழும். ஒரு ரோலுக்கு 12 படம்தான் என்பதால் அந்தக் கண்ணாடியில் மூலை மூலையாகப் பார்த்த பிறகுதான் விரல் பட்டனுக்குப் போகும். டேப்லெட் திரையும் அந்த மங்கல் கண்ணாடிதான். செல்போனில் படம் எடுக்கிறோம், இதில் பார்க்கிறோம். எடுப்பது அப்புறம்.

ஒரு குறையும் அதே மாதிரி. நடுப்பகலில் வளவில் வெயில் நேரே இறங்கும்போது திரையில் என் மூஞ்சிதான் தெரியும். பழைய ஸ்டூடியோக்காரன் போலத் துண்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு பார்க்கிறேன். ஒருநாள் கை தவறி முன்கேமராவுக்கு மாறி, முக்காடு போட்ட என்னைப் பார்த்து ஆச்சி பத்து நிமிடம் சிரித்தார்.

அடுத்த வேலை சாமான் அறை. இரண்டாங்கட்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத அறை. அண்டா, தவலை, கங்காளம், தூக்கு என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. பங்காளிகள் பிரித்துக்கொள்வதற்கு முன்னால் பட்டியல் போட வேண்டும். இந்தப் பக்கத்தில் சீர்ச் சாமான் ஒவ்வொன்றிலும் விலாசம் வெட்டியிருப்பார்கள். பாட்டன், அப்பன் பேர்களின் முதலெழுத்தைப் புள்ளி புள்ளியாகக் குத்தியிருப்பார்கள். அந்த எழுத்தை வைத்துத்தான் இது பெண் வீட்டிலிருந்து வந்ததா, இந்த வீட்டுப் பொதுச் சாமானா என்று தெரியும். பல வருடம் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து பாதி கரைந்துவிட்டது.

ஒரு பித்தளைத் தவலை. கழுத்துக்குக் கீழே மூன்று எழுத்துத் தடம். நடுவில் இருப்பது 'லெ'யா 'வெ'யா என்பதில் ஒரு பங்கே நிற்கிறது. முதலில் செல்போனை எடுத்து ஃப்ளாஷ் போட்டேன். வெளிச்சம் நேரே அடித்துத் திரும்பி, தவலை ஒரு வெள்ளைத் திட்டாக வந்தது. 50 மெகாபிக்சலில் எடுத்த வெள்ளைத் திட்டு. அப்புறம் டேப்லெட்டை இடது கையில் பிடித்து, வலது கையில் டார்ச்சை எடுத்துத் தவலையின் வயிற்றோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடித்தேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பக்கம் மினுங்கி மறுபக்கம் நிழல் விழுந்து குழியாக எழுந்து நின்றது. அம்மைத் தழும்புள்ள முகத்துக்கு ஸ்டூடியோவில் எந்த வெளிச்சத்தைப் போடக்கூடாது என்று என் குரு அடித்துச் சொல்வாரோ, அதே வெளிச்சம். டார்ச்சை மெல்ல மேலும் கீழும் நகர்த்த நகர்த்த, சென்னையிலிருந்து ஆச்சி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நிறுத்துங்க. அப்படியே வைங்க. லெ."

அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எங்க ஆத்தா வீட்டுச் சாமான் தம்பி அது. தொலைஞ்சு போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

இந்த வேலைக்கு மெகாபிக்சல் வேண்டாம், கிட்டத்தில் குவியும் லென்ஸ் வேண்டும். என் டேப்லெட்டில் ஃப்ளாஷ் கிடையாது. முதலில் அதைப் பெரிய குறையாக நினைத்தேன். பித்தளைக்கும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவருக்கும் நேர் ஃப்ளாஷ் விரோதி என்று தெரிந்த பிறகு அந்தக் கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது, ஏனென்றால் இருட்டறையில் நடக்க, பூட்டைத் தேட ஒரு விளக்கு இருந்தால் என்ன குறைந்துவிடும்? அதை மிச்சம் பிடித்துவிட்டுத்தான் '8 எம்பி' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்.

காகிதத்துக்கு இது போதுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 மெகாபிக்சல் என்றால் நீளவாக்கில் 3264 புள்ளி. ஏ4 தாள் 11.7 அங்குலம். வகுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 280 புள்ளி வருகிறது. சாதாரண ஸ்கேனரில் பத்திரத்துக்கு 300 வைப்பார்கள், கிட்டத்தட்ட அதே தரம். முன்கேமராவின் 2 மெகாபிக்சலில் அதே தாளுக்கு 140கூட வராது. வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் எல்லாம் கூகுள் டிரைவ் ஸ்கேனில்தான் போகிறது. கோணலைத் தானே நிமிர்த்திக்கொள்கிறது. படத்தை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

குறைகள் இன்னும் உண்டு. கேமராவை மூலையில் வைத்திருக்கிறார்கள். படுக்கைவாட்டில் இடது கையால் பிடித்தால் விரல் நேரே லென்ஸ் மேல் போய் உட்காருகிறது. தவலைப் படங்களில் பாதியில் என் ஆட்காட்டி விரலும் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் படம் ரவை கொட்டின மாதிரி ஆகிவிடும். திரையும் சுமார்தான். பழைய நெக்ஸஸில் 7 அங்குலத்துக்கு 1280×800 புள்ளி இருந்தது. இதில் 8.7 அங்குலத்துக்கு 1340×800. இத்தனை வருடம் கழித்து வாங்கியதில் எழுத்து அதைவிடக் கொஞ்சம் சொரசொரப்பு. இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, இந்த ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கேமரா செட்டிங்கில் இருப்பிடத்தைப் பதிவதை முதல் வேலையாக நிறுத்திவிடுங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டின் நிலைக்கதவுச் சிற்பத்தை எடுத்து, எந்தத் தெரு என்ற விவரத்தோடு நாலு குரூப்பில் சுற்றவிட்டால், அடுத்து அந்தக் கதவை எங்கே பார்ப்போம் என்று எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளைகள் பாடம் பார்க்க, படுத்துக்கொண்டு பத்திரிகை படிக்க, சினிமா பார்க்க வாங்குகிறவர்களுக்குப் பின்கேமரா தேவையே இல்லை. அவர்களுக்காக அதை எடுத்துவிட்டு அந்தக் காசை நல்ல திரையில் போட்டு ஒரு மாடல் விட்டால் நானே நாலு பேருக்குச் சிபாரிசு செய்வேன். குவியாத ஒரு லென்ஸைப் பேருக்கு ஒட்டி வைப்பதற்கு நெக்ஸஸின் வெறும் முதுகே மேல். என்னை மாதிரி தூரத்தில் இருப்பவருக்கு எதையாவது காட்ட வேண்டியவர்கள், கண் மங்கியவர்கள், காகிதத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் 5 மெகாபிக்சலே ஆனாலும் ஆட்டோஃபோகஸ் உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். தேருக்கு மட்டும் கொண்டுவராதீர்கள். அதில் என் கருத்து மாறவில்லை.

சாமான் பட்டியல் இன்னும் முடியவில்லை. மேல்மாடி அறையின் சாவியை ஆச்சி நேற்றுத்தான் கூரியரில் அனுப்பியிருக்கிறார். "மூணு மரப்பெட்டி இருக்கும், நடுப்பெட்டியை நான் லைன்ல இருக்கும்போது திறங்க" என்று உத்தரவு. டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்க வேண்டும்.